விளக்கு எரிகிறது, ஐயா

மின்சாரத்தைத் தொடுகிறவனுக்கு அதைத் தொடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுபத்தெட்டாம் வருஷம் அரசாங்கத்துக்குத் தோன்றியது. நல்ல எண்ணம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த எண்ணம் மேலிடத்தில் உதித்து, ஆணையாகி, சுற்றறிக்கையாகி, பல மேஜைகளில் இளைப்பாறி எங்கள் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அதன் வாசகம் இப்படி இருந்தது: ‘ஜூலை முதல் தேதிக்குப் பிறகு, செய்முறைத் தேர்வில் தேறித் தகுதிச் சான்றிதழ் பெறாத எவரும் மின்கம்பி, மின்விளக்கு, மின்விசை மற்றும் அவை சார்ந்த எதனையும் தொடலாகாது.’

இதை முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டியவன் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், நாற்பது வயது. பதினெட்டு வருஷமாக மதுரையில் ஒயரிங் வேலை பார்த்தவன். விளாங்குடியில் நான் கட்டிய வீட்டுக்கும் அவன்தான் ஒயரிங். வேலை படு சுத்தம். எல்லாம் முடிந்து, கனெக்‌ஷன் மட்டும் பாக்கி நின்றது. ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்துவிட்டேன். இந்த நேரத்தில் கனெக்‌ஷன் விண்ணப்பத்தின் அடியில், ‘வேலை செய்தவரின் தகுதிச் சான்றிதழ் எண்’ என்று புதிதாக ஒரு கட்டத்தை அடித்துவிட்டார்கள்.

என் பெயர் சொக்கநாதன். தாலுகா ஆபீஸில் எழுத்தர். ஒரு கட்டம் இருந்தால் அது நிரப்பப்பட வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

“உங்க காண்ட்ராக்டர் என்ன சொல்றார்?” என்று கேட்டேன்.

“சர்ட்டிபிகேட் இருந்தா ஒயர்மேனாம். இல்லாட்டி, கம்பம் நடுறதுக்குக் குழி தோண்டுறாகளே, அந்த ஆளுகளோட போய்ச் சேந்துக்கங்கறாரு. பதினெட்டு வருசம் கழிச்சுக் கடப்பாறையத் தூக்கச் சொல்றாரு சார்.”

“பரீட்சைக்குப் போயிட வேண்டியதுதானே. உனக்குத் தெரியாத வேலையா?”

“வேலையா இருந்தா செஞ்சிருவேன் சார். பரீட்சைங்கறாகளே” என்றான் காசிமாயன்.

அந்தக் காலத்தில் மதுரையில் டுட்டோரியல் என்பது ஒரு ஜுரமாகப் பரவியிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தவறியவனுக்கு டுட்டோரியல், தவறப்போகிறவனுக்கு டுட்டோரியல். நீச்சலுக்குக்கூட ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். தண்ணீர் கிடையாது, நோட்ஸ் உண்டு. சுற்றறிக்கை வந்த பதினைந்தாம் நாள், மேலமாசி வீதியில் ஒரு காபிக் கடை மாடியில் ‘ஒளி டுட்டோரியல்’ தொடங்கப்பட்டது. அதன் முதல்வர், ஆசிரியர், பியூன் எல்லாம் பட்டாபிராமன் ஒருவரே. தேர்வு நடத்துகிற கிளை அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். காசிமாயனை நானே அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

பத்துப் பெஞ்சு, ஒரு கரும்பலகை. காசிமாயன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“ஒயரு, சுவிட்சு, போர்டு ஒண்ணையும் காணமே சார்?”

“அதெல்லாம் வெச்சுண்டா யாராவது தொட்டுடுவா” என்றார் பட்டாபிராமன். “நான் ஆத்துலகூட ஸ்விட்ச் போடறதில்லை. ஆத்துக்காரி விஜயந்தான் போடுவா. எனக்குக் கரண்டுன்னா ஆகாது. சொல்லிக்கொடுக்கறதுக்கு அது எதுக்கு? நோட்ஸ் இருக்கு.”

மதிப்பெண் விவரத்தை அவர் விளக்கினார். மொத்தம் நூறு. பாதுகாப்பு விதிகளை ஒப்பித்தலுக்கு நாற்பது. கருவிகளை வரிசை பிசகாமல் பரப்பி வைத்தலுக்கு முப்பது. உடைக்குப் பத்து, பணிவுக்குப் பத்து. மீதிப் பத்துதான் ஒயரிங்குக்கு.

“ஒயரிங் வராட்டியும் பாசா சார்?”

“வராட்டா தொண்ணூறு. வந்துதுன்னு வெச்சுக்கோ, கையில அழுக்குப் படும், அந்தக் கை சட்டையில படும், உடைக்கான பத்து போயிடும். அப்பவும் தொண்ணூறுதான். எதுக்கு வீண் சிரமம்?”

ஆனால் அந்தப் பத்திலும் ஒரு கண்டம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இது இஷ்டப்பட்டவர்கள் மட்டும் எழுதும் தேர்வாக இருந்த காலத்தில், எங்கோ ஓர் ஊரில் தேர்வுக்கு வந்தவனை ஷாக் அடித்துவிட்டது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஆறு மாதம் ஆராய்ந்து, விபத்துக்குக் காரணம் மின்சாரமே என்று ஐயம் திரிபறக் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து, மின்சாரத் தேர்வு நடக்கும் கூடங்களில் மின்சாரம் இருக்கலாகாது என்று உத்தரவாகிவிட்டது. இதனால் ஒரு சிறு சங்கடம். ‘விளக்கு எரிந்ததா?’ என்ற கேள்வியுடன் மதிப்பெண் தாள்களை அதற்குள் லட்சக்கணக்கில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அச்சடித்ததைத் தூக்கி எறிந்தால் ஆடிட்டில் கேட்பார்கள். ஆகவே தேர்வதிகாரி, “விளக்கு எரிகிறதா?” என்று கேட்பது, தேர்வர், “எரிகிறது, ஐயா” என்று சொல்வது, அதிகாரி, ‘எரிந்தது’ என்று எழுதிக்கொள்வது என ஏற்பாடாயிற்று. அந்தப் பதில் வராவிட்டால் மற்றத் தொண்ணூறும் செல்லாது.

பட்டாபிராமன் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு பல்பு வரைந்து பயிற்சியைத் தொடங்கினார்.

“விளக்கு எரிகிறதா?”

“எரிகிறது, ஐயா” என்றது வகுப்பு.

“நீ சொல்லு, காசிமாயா. விளக்கு எரிகிறதா?”

காசிமாயன் எழுந்து நின்று சாக்பீஸ் பல்பைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தான். “கனெக்‌ஷன் குடுக்கலீங்களே” என்றான்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. பாதுகாப்பு விதிகள் இருபத்தேழையும் மனப்பாடம் பண்ணிவிட்டான். இருபத்து மூன்று கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக அடுக்கினான். அந்த இரண்டு வார்த்தை மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மனைவி மலையம்மாள் அவனை இழுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“சார், எரும மாட்டக்கூட ஒரு மாசத்துல பழக்கிரலாம். இந்த மனுசனுக்கு ஒரு சொல்லு வரமாட்டேங்குது. முருங்க மரத்துல பல்பக் கட்டித் தொங்கவிட்டு நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். ‘எரியலையே’ங்கறாரு. அடுப்பக் காட்டிக் கேட்டா ‘எரியுது’ங்கறாரு. அடுப்பு எரியுதுன்னு சொல்லவா சர்ட்டிபிகேட்டுக் குடுக்கப்போறாக?”

“ஏன் காசிமாயன், ஒரு வார்த்தைதானே?” என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “மொக்கையன்னு என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான் சார். ஆனையூர்ப் பக்கம் கம்பத்துல வேலை. கீழ நின்னவன் ‘லைன் இல்லண்ணே, ஏறுங்க’ன்னான். அவன் பொய் சொல்லணும்னு சொல்லல. இருக்காதுன்னு நெனச்சான், சொல்லிட்டான். மொக்கையனை நாங்கதான் எறக்குனோம். அன்னையிலருந்து கரண்டு விசயத்துல மட்டும் என் வாயி தப்பாப் பேசாது. மத்த பொய்யெல்லாம் சொல்றேன் சார். வேணும்னா இவளக் கேளுங்க.”

“அதெல்லாம் வண்டி வண்டியாச் சொல்லுவாரு” என்றாள் மலையம்மாள்.

எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. “பல்பைப் பாக்காதே. அதிகாரி முகத்தைப் பாத்துச் சொல்லிடு” என்று யோசனை சொன்னேன். முயற்சி பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் இரண்டாம் வாரம் தேர்வு. அரசரடிப் பக்கம் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்துத் தேர்வுக்கூடம் ஆக்கியிருந்தார்கள். பஞ்சு பறக்கக் கூடாது என்று கட்டிய கட்டடமாதலால் ஜன்னல் கிடையாது. மின்சாரமோ உத்தரவுப்படி துண்டிக்கப்பட்டது. எனவே தேர்வர்கள் கொண்டுவர வேண்டிய கருவிப் பட்டியலில் கடைசியாக, ‘மெழுகுவர்த்தி ஒன்று, தீப்பெட்டியுடன்’ என்று குறிப்பிட்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் பரீட்சைக்கு வந்த இருபது பேரும் பகல் பத்து மணிக்குக் கையில் மெழுகுவர்த்தியுடன் வரிசையாக உள்ளே போனது பார்க்க உருக்கமாக இருந்தது.

வந்திருப்பவன் அந்த ஆள்தான் என்று அடையாளம் காட்ட ஒரு அரசு ஊழியர் வேண்டும் என்பது விதி. அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பதவியில் நான் ஓரமாக ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தேன்.

தேர்வதிகாரியின் பெயர் ஹாலாஸ்யம். கண்டிப்பானவர், நல்ல மனிதர், கோப்பில் இல்லாத எதையும் நம்பாதவர். புழுக்கம் தாங்காமல் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் விட்டுவிட்டு, ஈரச் சிமெண்டுத் தரையில் காலைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு போர்டு. அதில் மாடிப்படி விளக்குக்கு ஒயரிங் பண்ண வேண்டும். கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு, எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரே விளக்கைப் போடலாம், அணைக்கலாம்.

முதலில் போனவர்கள் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒயர்களைப் பின்னல் போடுகிற மாதிரி ஏதோ செய்தார்கள். அவர்கள் செய்த ஒயரிங்குக்கு நேரே மின்சார நிலையத்திலிருந்து கம்பி இழுத்திருந்தாலும் பல்பு எரிந்திருக்காது. ஆனால் பதில் சுத்தமாக வந்தது.

“விளக்கு எரிகிறதா?”

“எரிகிறது, ஐயா.”

ஒருவன், “கண் கூசுகிறது, ஐயா” என்றான். ஹாலாஸ்யம் மகிழ்ந்து பணிவில் இரண்டு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தார்.

ஐந்தாவதாகக் காசிமாயன். விதிகளை ஒப்பித்தான். கருவிகளைப் பரப்பினான். கையுறையோடு திருகாணியைப் பிடித்துப் பார்த்தான், முடியவில்லை. கையுறையைக் கழற்றி வைத்தான். அப்புறம் வெறுங்கையால் கம்பியைத் தொடப் போனவன், தொடவில்லை. பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்தான். ஒரு ஹோல்டர், அதில் ஒரு பல்பு, இரண்டு ஒயர் முனைகள். லைன் இருக்கிறதா என்று பார்க்க இவர்கள் எல்லாரும் வைத்திருப்பதுதான். இரண்டு முனைகளையும் போர்டில் செருகினான்.

பல்பு எரிந்தது.

கூடம் முழுக்க வெளிச்சம். இரண்டு மணி நேரமாக மெழுகுவர்த்திக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் நிழலாகவும் குரலாகவும் மட்டும் இருந்தவர்கள் முதன்முறையாக முகம் பார்த்துக்கொண்டோம். ஹாலாஸ்யம் மேஜை டிராயருக்குள் வைத்துத் தயிர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதும் தெரியவந்தது.

“சார், போர்டுல லைன் இருக்கு. யாரும் தொடாதீக” என்றான் காசிமாயன்.

“இல்லை” என்றார் ஹாலாஸ்யம், வாயைத் துடைத்துக்கொண்டு.

“எரியுதே சார்.”

“எரிவதாகத் தோன்றுகிறது.” அவர் கோப்பைப் பிரித்தார். “போன மாசம் பதினான்காம் தேதி நாம் எழுதியிருக்கோம், மின்சாரத்தைத் துண்டிக்கணும்னு. இருபதாம் தேதி மின்சார ஆபீஸ்லேருந்து பதில். ‘துண்டிக்கப்பட்டது.’ கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. உன் பல்புல முத்திரை இருக்கா?”

“அவுக வந்து பிடுங்காமலே எழுதிப்புட்டாக சார். இங்க பாருங்க, எரியுது.”

“ஏம்பா, எரியாத நேரத்துல எரியுதுன்னு சொல்றதுக்குத்தான் பத்து மார்க். எரியற நேரத்துல எரியுதுன்னு சொல்றதுக்கு விதியில இடமே இல்லையே.”

“மார்க்கு கெடக்கட்டும் சார். பின்னால பதினஞ்சு பேரு நிக்கிறாக. கைய வச்சா போச்சு.”

ஹாலாஸ்யத்துக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னுடைய கூடத்தில், தன்னுடைய உத்தரவையும் மீறி மின்சாரம் இருக்கிறது என்று ஒருவன் சொல்வதை எந்த அதிகாரி பொறுப்பார்? வெறுங்காலோடு எழுந்து வந்தார். “வதந்தியைப் பரப்பாதே. இதோ நானே பிடிக்கிறேன், எல்லாரும் பாருங்க.”

“வேண்டாம் சார்” என்று காசிமாயன் குறுக்கே கையை நீட்டுவதற்குள், இடது கையில் கோப்பை உயர்த்திக்கொண்டு வலது கையால் கம்பியைப் பிடித்துவிட்டார்.

கம்பி அவரைப் பிடித்துக்கொண்டது. உடம்பு உதறியது, வாய் கோணியது, சத்தம் வரவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்து போனேன். பாதுகாப்பு விதி இருபத்தேழையும் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கிய நால்வரும் வாசலை நோக்கி ஓடினார்கள். காசிமாயன் மட்டும் ஒரே தாவாகச் சுவருக்குத் தாவி, மூலையில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இழுத்துவிட்டான். கூடம் இருண்டது. ஹாலாஸ்யம் பொத்தென்று விழுகிற சத்தம் கேட்டது.

சிறிது நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மெல்ல வந்தது.

“இப்போ மின்சாரம் இருக்கா?”

“இல்ல சார். இப்பத்தான் மெயினை ஆஃப் பண்ணுனேன்.”

“அதைத்தானேப்பா நான் அப்போலேருந்து சொல்லிண்டிருக்கேன்” என்றார் ஹாலாஸ்யம்.

பத்து நாள் கழித்துக் காசிமாயனுக்கு ஒரு மெமோ வந்தது. ‘ஏற்கெனவே மின்சாரம் துண்டிக்கப்பட்ட கூடத்தில், உரிய சான்றிதழ் இன்றி, மின்சாரத்தைத் துண்டித்தமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ எழுத்தர் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் கிடையாது. மலையம்மாள் அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அந்தாளச் சாக விட்டிருந்தா பாஸ் போட்டிருப்பாகளோ?” என்றாள். அதற்கு விதியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

நானும் காசிமாயனும் கிளை அலுவலகத்துக்குப் போனோம். ஹாலாஸ்யத்தின் வலது கையில் கட்டு. எங்களை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார்.

“என் உயிரைக் காப்பாத்தினவன் நீ. என் ஆத்துக்காரி ஜானு போய் அம்மன் கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தா. அது வீட்டு விஷயம். ஆபீஸ் விஷயம் வேற.” இரண்டு தாள்களை எடுத்து முன்னால் வைத்தார். “உன்னைக் கைவிட மாட்டேன். இந்த ரெண்டுலயும் கையெழுத்துப் போடு, சர்ட்டிபிகேட் வந்துடும்.”

நான் படித்துக் காட்டினேன். முதல் தாள் விசாரணைக்கு. ‘தேர்வு நாளன்று கூடத்தில் மின்சாரம் இல்லை. எந்த விளக்கும் எரியவில்லை. அதிகாரியின் கைப்புண் மெழுகுவர்த்தியால் நேர்ந்தது.’ இரண்டாவது மதிப்பெண் தாள். ‘விளக்கு எரிந்ததா? எரிந்தது.’

“ஒண்ணுல எரியலைங்குது. ஒண்ணுல எரிஞ்சதுங்குது” என்றான் காசிமாயன்.

“ரெண்டும் வேற வேற ஃபைல்.”

“சார், ஒண்ணு கேக்குறேன். அந்த மெயினு இப்ப எப்படி இருக்கு?”

“விசாரணை முடியற வரைக்கும் சம்பவ இடம் முன்னால இருந்த நிலையிலேயே இருக்கணும். அதனால பழையபடி போட்டு வெச்சுட்டோம்.”

“அப்ப போர்டுல லைன் இருக்கு.”

“எழுத்துல இல்லை.”

“ஜூலையில அடுத்த பேட்ச் வருதே சார். அந்தப் பியூசப் பிடுங்கிருங்க சார், புண்ணியமாப் போகும்.”

“யார் பிடுங்கறது? சான்றிதழ் உள்ளவன்தான் தொடலாம். சான்றிதழ் உள்ளவா ஊர்ல நெறையப் பேர் இருக்கா, இல்லைங்கலை. எல்லாரும் இங்கே தேறினவா. கரண்டுன்னா பயப்படறா.” ஹாலாஸ்யம் குரலைத் தாழ்த்தினார். “மத்த பத்தொன்பது பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. அடையாளம் காட்டினவர்ங்கற முறையில மிஸ்டர் சொக்கநாதனும் போடணும்.”

காசிமாயன் தாளைத் தொடவில்லை. “நான் குழி தோண்டவே போறேன் சார்” என்று எழுந்துவிட்டான்.

நான் அவனை வெளியே வேப்ப மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். ஒரு மனிதனைத் தப்பான காரியத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டுமானால், அதில் ஒரு நல்ல காரியத்தை வைத்துக் கொடுக்க வேண்டும். இது தாலுகா ஆபீஸில் நான் கற்றது.

“யோசிச்சுப் பாரு. நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா அந்தப் பியூஸ் அங்கேயேதான் இருக்கும். கையெழுத்துப் போடு. சர்ட்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்புறம் நீ சட்டப்படி தொடலாம். நீயே போய்ப் பிடுங்கிடு. யார் தடுக்க முடியும்?”

இதைச் சொன்னபோது நான் பாதி நம்பித்தான் சொன்னேன். மீதிப் பாதியில் என் வீட்டுக் கனெக்‌ஷன் இருந்தது.

காசிமாயன் என் பக்கம் திரும்பினான். “நீங்க போடுறீகளா சார்?”

“நான்தான் முதல்ல போடப்போறேன்” என்றேன்.

போட்டேன். என் கையெழுத்து எப்போதுமே அழகாக விழும். அவன் கையெழுத்துக்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தான்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி சான்றிதழ் வந்தது. கெட்டிக் காகிதம், கோபுர முத்திரை. மலையம்மாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினாளாம். காசிமாயன் மறுநாளே கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போனான்.

“சர்ட்டிபிகேட்டு வந்துருச்சு சார். கிட்டங்கிச் சாவியக் குடுங்க. பியூசப் பிடுங்கிட்டு வந்துர்றேன்.”

ஹாலாஸ்யம் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கோப்பை எடுத்துப் பிரித்து அவன் பக்கம் திருப்பினார். “கூடத்தில் மின்சாரம் இல்லைன்னு விசாரணை முடிஞ்சுபோச்சு. இதோ இந்தக் கையெழுத்து யாருது?”

“என்னுது.”

“இல்லாத மின்சாரத்தை எடுக்க நான் எப்படிப்பா சாவி தர முடியும்? இருக்குன்னு சொன்னா இந்தக் கையெழுத்து பொய். கையெழுத்து பொய்யின்னா சர்ட்டிபிகேட் ரத்து. ரத்துன்னா அந்தப் பியூஸை நீ தொடக் கூடாது.” சற்று யோசித்துவிட்டு, “இதுல உன் மேல ஒரு தப்பும் இல்லை” என்றும் சொன்னார்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் அவன் என்னோடு உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. விளாங்குடியில் இறங்கும்போது, கட்டத்தில் எழுதச் சான்றிதழ் எண்ணைக் கேட்டேன். சொன்னான்.

ஜூலைத் தேர்வு அந்தக் கிட்டங்கியிலேயே, அந்தப் போர்டிலேயே நடந்தது. நாற்பது பேர். நல்லவேளையாக எல்லாரும் ஒளி டுட்டோரியலில் படித்தவர்கள். ஒருவராவது கம்பியைத் தொட்டதாகத் தெரியவில்லை. அனைவரும் தேறினார்கள். இப்போது அவர்கள் நம் வீடுகளுக்கு வேலை செய்து தருகிறார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் எனக்குக் கனெக்‌ஷன் வந்தது. காசிமாயன் காலையிலேயே வந்துவிட்டான். வேலையில் ஒரு குறை கிடையாது. அதிகமாகப் பேசவில்லை, அவ்வளவுதான். எல்லா விளக்குகளும் எரிந்தன. ஹாலில் கண்ணாடிக் கூண்டு மாட்டிய விளக்கு மட்டும் கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. ஹோல்டரைப் பிடித்து நேராக்க வேண்டும். அவன் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஏதோ திருகிக்கொண்டிருந்ததால், நானே ஏணியைப் போட்டு ஏறினேன்.

“காசிமாயன், மெயினை ஆஃப் பண்ணு.”

“பண்ணிட்டேன் சார்.”

நான் குடியிருந்த வாடகை வீட்டில் ரிப்பேர் பார்த்த நாளெல்லாம் அவன் இப்படிச் சொன்னால் நான் மறு வார்த்தை கேட்டதில்லை. என் பிள்ளையைக்கூடத் தொட விட்டிருக்கிறேன். அன்றைக்குக் கை ஹோல்டருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. விளக்கு அணைந்துதான் இருந்தது. ஆனாலும் கை போகவில்லை.

“லைன் இல்லையே? நிஜமாத்தானே சொல்றே?” என்றேன்.

அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை.

“இல்ல சார்” என்றான். “வேணும்னா எழுதிக் குடுக்கவா?”

நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.